பாடமாக்கினால் கற்பனை போய்விடுமா?

கேள்வி: என் மகள் நாலாம் தரத்தில் படிக்கிறாள். பாடசாலையில் கண்டிப்பு அதிகம். வாய்ப்பாடு, இலக்கணம், சுற்றாடல் எல்லாமே பாடமாக்க வேண்டும். அடுத்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் ரியூஷன் வேறு. முன்பு தானாகவே கதை கட்டிச் சொல்வாள், இப்போது சொல்வதில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கை, "இவ்வளவையும் தலைக்குள் திணித்தால் கற்பனைக்கு எங்கே இடம்?" என்கிறாள். அவள் சொல்வது சரியா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, உங்கள் தங்கை கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் பிடித்திருப்பது தப்பான ஆளை.

தலை ஓர் அலுமாரி, புத்தகத்தை அடுக்கினால் உடுப்புக்கு இடமில்லை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. உண்மையில் இடப்பற்றாக்குறை வேறோர் இடத்தில். யோசிக்கும் அந்த நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருப்பதைச் செயல் நினைவு என்பார்கள். அது மிகச் சிறியது, ஒரே தடவையில் நாலைந்து விஷயங்களுக்கு மேல் தாங்காது. படித்து ஊறிப்போனவை தங்குவது நீண்டகால நினைவில். அது நிரம்பி வழிந்ததாக இதுவரை யாரும் கண்டதில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது அங்கே பதிந்துவிட்டால், கணக்கின் மிச்சத்தை யோசிக்கச் செயல் நினைவு முழுவதும் கையில் இருக்கும். கதைக்கும் இதேதான். நண்டு பக்கவாட்டில் நடக்கும், மணலில் வளை தோண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கே வெள்ளவத்தைக் கடற்கரை நண்டை வைத்துக் கதை கட்ட வரும்.

நம் வீடுகளிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. வாய்ப்பாடு பாடமாக்குவதைக் கொடுமை என்று சொல்லும் அதே பெற்றோர், சனிக்கிழமை காலையில் பிள்ளையைச் சங்கீத வகுப்பில் விட்டுவிட்டு, சரளி வரிசை சரியாக வரவில்லை என்று ரீச்சரிடம் குறைப்படுவார்கள்! கர்நாடக சங்கீதத்தை விடக் கண்டிப்பான பாடத்திட்டம் எது? சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று வருஷக்கணக்கில் சொன்னதைச் சொன்னபடி பாட வேண்டும். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளும் தரம் தரமாகத்தான் ஏறுகின்றன. இவ்வளவுக்கும் பிறகே மனோதர்மம் வருகிறது. பாடகர் அந்தக் கணத்தில் தாமே கற்பனை செய்து பாடும் ஆலாபனையும் கற்பனாஸ்வரமும் அதில் அடங்கும். வர்ணம் நாவில் ஊறாத ஒருவரிடம் கற்பனாஸ்வரம் பாடச் சொல்லிப் பாருங்கள்.

வெளியுலகச் சாட்சியும் உண்டு. பீசா என்பது 15 வயது மாணவர்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் சோதனை. 2022 சுற்றில் முதல் தடவையாக ஆக்கச் சிந்தனையையும் அளந்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். 60 புள்ளிக்கு 41 பெற்று முதலிடத்தில் நின்றது சிங்கப்பூர். ஆறாம் ஆண்டிலேயே பெரிய பரீட்சை வைக்கிற, ரியூஷனுக்குப் பேர்போன அதே சிங்கப்பூர்தான். அதே சுற்றில் கணிதத்திலும் முதலிடம் அதற்கே.

இதைத் தங்கையிடம் காட்டி வாயடைக்க ஓடிவிடாதீர்கள். கணிதத்தில் மிகவும் மேலே நின்ற ஹொங்கொங்கும் மக்காவும் ஆக்கச் சிந்தனையில் வளர்ந்த நாடுகளின் (OECD) சராசரியான 33ஐக்கூடத் தாண்டவில்லை. ஆகவே அறிவு கற்பனையைக் கெடுப்பதில்லை, ஆனால் அறிவு சேர்ந்தால் கற்பனை தானாக வந்துவிடும் என்பதும் இல்லை.

அப்படியானால் உங்கள் மகள் ஏன் கதை சொல்வதை நிறுத்தினாள்? என் சந்தேகம் மதிப்பீட்டின் மேல். அமெரிக்க உளவியலாளர் திரேசா அமபில் 1979இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பல்கலைக்கழக மாணவிகளிடம் கடதாசித் துண்டுகளை ஒட்டிப் படம் செய்யச் சொன்னார். நிபுணர்கள் இதை மதிப்பிடுவார்கள் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்களின் படங்களில், சொல்லப்படாதவர்களுடையதை விட ஆக்கத்திறன் குறைவாகவே இருந்தது. வளர்ந்த பெண்களுக்கே இப்படியென்றால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு?

நம் புலமைப்பரிசில் பரீட்சையைப் பாருங்கள். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில், கெட்டிக்கார ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையும் உதவிப்பணமும் கிடைக்கட்டும் என்று வந்த ஏற்பாடு அது. இன்று கொழும்பில் அது பிரபல பாடசாலையின் வெட்டுப்புள்ளிக்கான ஓட்டம். ஓட்டத்தில் வெல்ல, சில ரியூட்டரிகளில் கட்டுரையையே எழுதிக் கொடுத்துப் பாடமாக்க விடுகிறார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வாய்ப்பாடு யோசிப்பதற்கான கருவி, அதைப் பாடமாக்கலாம். கட்டுரையைப் பாடமாக்குவது யோசிப்பதையே இன்னொருவரிடம் ஒப்படைப்பது. தன் வாக்கியத்துக்குப் புள்ளி குறையும், ரீச்சரின் வாக்கியத்துக்கு முழுப்புள்ளி என்று கண்டுகொண்ட பிள்ளை, தன்னுடையதை வெளியே எடுக்காது. அது புத்திசாலிப் பிள்ளை, அவ்வளவுதான்.

ஆகவே வாய்ப்பாட்டையும் இலக்கணத்தையும் விடாதீர்கள். கண்டிப்புக்காகப் பாடசாலையை மாற்றவும் வேண்டாம். கட்டுரையைப் பாடமாக்கும் ரியூஷனை மட்டும் நிறுத்துங்கள். கிடைக்கும் நேரத்துக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். அதில் எழுதியதை வாசிக்கச் சொல்லி அவளே கேட்டால் மட்டும் வாசியுங்கள், எழுத்துப் பிழை கண்ணில் பட்டாலும் சிவப்புப் பேனாவைத் தொடாதீர்கள்.