திரையில் ஆங்கிலம், காதில் தமிழ்

அன்பு மருமகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. "பிளஸ் டூவில இயற்பியல்ல தொண்ணூத்தி ரெண்டு வாங்குனேன் அத்தை. இங்க முதல் இன்டர்னல்ல ஐம்பதுக்குப் பதினாலு. கிளாஸ்ல மேடம் பேசுறதே புரியல." கொஞ்ச நேரம் அழுதாய். அப்புறம் கேட்டாய்: "கூடப் படிக்கிற பிள்ளைங்க சொன்னாங்கன்னு இருபது ஆப் ஏத்தி வச்சிருக்கேன். எதைப் பாத்துப் படிக்கிறதுன்னே தெரியல. நீங்க லைப்ரரியில இருக்கீங்களே, நல்லதா நாலு சொல்லுங்க." போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

கண்ணு, உனக்கு இயற்பியல் மறந்துபோகவில்லை. உந்தம் என்றால் என்னவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். அதையே ஒருவர் வேகமாக 'மொமென்டம்' என்று சொல்லும்போதுதான் தடுமாறுகிறாய். நிலைமம் 'இனர்ஷியா' ஆகிவிட்டது. மின்தேக்கி 'கெப்பாசிட்டர்' ஆகிவிட்டது. விளிம்பு விளைவு 'டிஃப்ராக்‌ஷன்' ஆகிவிட்டது. ஊர் அதே ஊர்தான். தெருப் பெயர்ப் பலகைகளை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு எங்கள் நூலகத்துக்கு வரும் எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பலகை மாற்றத்தைத் தங்கள் மூளையின் குறை என்று நினைத்துக்கொண்டு முதல் பருவத்திலேயே ஒடுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நீ அப்படி ஆகக் கூடாது.

ஆகவே உனக்கு நான் சொல்லும் முதல் தளம் நீ எதிர்பார்க்காதது. நம் பாடநூல் கழகப் புத்தகங்களை அரசு 'டெக்ஸ்ட்புக்ஸ் ஆன்லைன்' என்ற தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ள வைத்திருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் அங்கே தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. இரண்டையும் இறக்கு. ஒரே பாடம், ஒரே வரிசை, ஒரே படங்கள். நீ ஏற்கெனவே கரைத்துக் குடித்த பாடம் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வரிக்கு வரி வைத்துப் பார். எந்த அகராதியும் இப்படிச் சொல்லித் தராது. அகராதி ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும். இந்த இரண்டு புத்தகங்களும் சேர்ந்து, ஒரு விதியை ஆங்கிலத்தில் எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்பதையே காட்டிக்கொடுக்கும். பரீட்சைத் தாளில் உனக்கு வேண்டியது அதுதான்.

ஒவ்வொரு பாடத்திலும் புதிதாகக் கிடைக்கும் ஆங்கிலச் சொற்களை ஆன்கி என்ற செயலியில் ஏற்றிக்கொள். ஆண்ட்ராய்டு போனில் 'ஆன்கிட்ராய்டு' என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்ப வேண்டும். தெரியவில்லை, கடினம், சரி, எளிது என்று நான்கு பொத்தான்கள் இருக்கும். தெரியாத சொல் சில நிமிடத்தில் மறுபடி வரும். தெரிந்தது நாலு நாள் கழித்து, பிறகு பத்து நாள், ஒரு மாதம் என்று தள்ளித் தள்ளி வரும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885இல் ஒரு நூல் எழுதினார். மறக்கப் போகும் நேரத்தில் நினைவுபடுத்திக்கொண்டால் அடுத்த முறை மறக்க நாளாகும் என்ற அந்த வழியில் வந்ததுதான் இந்தச் செயலியும். இதில் ஒரு எச்சரிக்கை: அடுத்தவர் செய்து வைத்த அட்டைக் கட்டுகளை இறக்காதே. அட்டையை நீயே எழுதும்போதுதான் பாதிப் படிப்பு நடக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இனி பாடத்துக்கு வருகிறேன். உன் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு ஏழு பேர் என்றாய். கார்ல் வீமன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 2001இல் நோபல் பரிசு பெற்றார். மறு ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்ற திட்டத்தைத் தொடங்கினார். திரையில் நாமே செய்து பார்க்கும் சோதனைகள் அவை. மின்சுற்றுப் பெட்டியைத் திறந்து மின்கலம், பல்பு, கம்பி எல்லாவற்றையும் விரலால் இழுத்து வைத்து இணைக்கலாம். குறுக்குச் சுற்று ஆகிவிட்டால் மின்கலத்தில் தீப்பற்றுவதைக் காட்டும். ஊசல் சோதனையில் நீளத்தை மாற்றலாம், நிலவில் கொண்டுபோய் ஆட்டிப் பார்க்கலாம். சில சோதனைகள் தமிழிலும் உண்டு. ஆய்வகத்துக்குப் போகும் முந்தின ராத்திரி அந்தச் சோதனையை இங்கே ஒருமுறை செய்துவிட்டுப் போ. ஏழு பேரில் கருவியைத் தொடுகிற ஆளாக நீ இருப்பாய்.

ஐஐடி மும்பையிலிருந்து வரும் ஸ்போக்கன் டுடோரியல் பற்றிச் சொல்ல எனக்குத் தனி ஆசை. லினக்ஸ், பைத்தான், சி, லிப்ரே ஆபீஸ் என்று காசில்லாமல் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்களைச் சுமார் பத்துப் பத்து நிமிடக் காட்சிகளாகச் சொல்லித் தருகிறார்கள். குரல் தமிழில் இருக்கும். திரையில் தெரியும் கட்டளைகளும் பொத்தான்களும் ஆங்கிலத்திலேயே இருக்கும். தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் திரை ஆங்கிலத்தில்தான் இருக்கும் அல்லவா? கண் அதற்குப் பழகட்டும், புரிதல் தாய்மொழியில் நடக்கட்டும் என்ற எண்ணம். உன்னைப் போன்ற பிள்ளைகளை நினைத்து இவ்வளவு கவனமாகச் செய்யப்பட்ட வேறு ஒன்றை நான் பார்த்ததில்லை. காட்சியை ஓடவிட்டு, அவர் ஒன்று செய்ததும் நிறுத்தி, அதையே நீ செய்து பார்த்து, பிறகு தொடர வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் பயன் இல்லை. கணிப்பொறி இல்லையே என்று யோசிக்காதே. கல்லூரி ஆய்வகத்தில் மாலையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கு.

என்பிடெல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணையவழி வகுப்புத் திட்டம் அது. வகுப்புகளைப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. பல பாடங்களின் உரையைத் தமிழில் மொழிபெயர்த்தும் வைத்திருக்கிறார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். கட்டணம் பல ஆண்டுகளாக ஆயிரம் ரூபாய் அளவில் இருந்து வந்திருக்கிறது, அதாவது அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் உனக்கு ஒரு மாதம் வரும் உதவித்தொகை. வாராந்தர ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75. ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். ஆர்வத்தில் ஐந்து பாடங்களுக்குப் பதிவு செய்துவிட்டு மூன்றாம் வாரத்தில் ஐந்தையும் விட்டுவிடுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். முதல் ஆண்டு நீ பதிவே செய்ய வேண்டாம். வகுப்பில் புரியாத தலைப்பை மட்டும் தேடிப் பார்த்துக்கொள். இரண்டாம் ஆண்டில் ஒன்றே ஒன்று எடு. துறைத் தலைவரிடம் முன்கூட்டிக் கேட்டால் அதைப் பட்டப்படிப்பின் மதிப்பெண் கணக்கிலும் சேர்த்துக்கொள்ள வழி உண்டு.

ஒரு நூலகராக இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாளை காலை உன் கல்லூரி நூலகரைப் போய்ப் பார். "என்-லிஸ்ட் கணக்கு கிடைக்குமா?" என்று கேள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்துவது அது. கல்லூரி அதில் சேர்ந்திருந்தால், விலை கொடுத்து வாங்க முடியாத மின்நூல்களும் ஆய்விதழ்களும் உன் போனிலேயே திறக்கும். மாணவருக்குக் கணக்குப் போட்டுத் தருவது நூலகர் வேலைதான். நீ தொந்தரவு கொடுப்பதாக நினைக்காதே. கடவுச்சொல் வாங்க ஒரு பிள்ளையும் வராத நாட்களில் எனக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும் தெரியுமா? ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா, கட்டுரை தேட கூகுள் ஸ்காலர் எல்லாம் மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் வரும்போது சொல்லித் தருகிறேன். இப்போது வேண்டாம்.

சாட்ஜிபிடி போன்றவற்றை உன் தோழிகள் ஒப்படைப்பு எழுதப் பயன்படுத்துகிறார்கள் என்றாய். எழுதச் சொல்லாதே, கேள்வி கேட்கச் சொல். "ஒளிவிலகலில் எனக்கு ஐந்து கேள்வி கேள், விடையை நான் சொன்ன பிறகு திருத்து" என்று தமிழிலேயே தட்டினால் போதும். தப்பான விடையையும் அது தயங்காமல் சொல்லும். ஆகவே சமன்பாடு எதுவானாலும் பேனாவால் போட்டுப் பார்த்துப் பாடநூலோடு ஒப்பிட்ட பிறகே நம்பு.

படிப்பு அல்லாத ஒன்று, டிஜிலாக்கர். உன் வயதில் பஸ்ஸில் பையைத் தொலைத்துவிட்டு, மதிப்பெண் பட்டியலின் நகல் வாங்க நான் எட்டு மாதம் அலைந்தேன். உன் அப்பா ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட வந்தார். உனக்கு அந்த அலைச்சல் வேண்டாம். 2015 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய இந்தச் செயலியில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பட்டியல்களை வழங்கிய துறையிடமிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளலாம். அப்படி வந்தது சட்டப்படி அசலுக்குச் சமம். நீயே போட்டோ எடுத்து ஏற்றினால் அந்த மதிப்புக் கிடையாது. பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

கடைசியாகப் பணம். போன மாதம் எங்கள் மாணவி ஒருத்தி, வீட்டிலிருந்தே இன்டர்ன்ஷிப் என்று வந்த செய்தியை நம்பி, பதிவுக் கட்டணம் என்று கேட்டதை மூன்று தவணையாகக் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். வேலை தருகிறவர் உன்னிடம் பணம் கேட்க மாட்டார். உனக்குப் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் போட வேண்டியதே இல்லை. கேட்டால் அவன் எடுக்கப் பார்க்கிறான் என்று பொருள். தப்பித் தவறி மாட்டிக்கொண்டால் அந்த நிமிடமே இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கு அடி. சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. அடுத்த போன் எனக்கு. அத்தை திட்ட மாட்டேன்.

நான் சொன்ன இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் போனிலிருந்து எடுத்துவிடு. பெரிய காட்சிகளைக் கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொள், டேட்டா மிஞ்சும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். பதினோராம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் அலைகள் பாடத்தை இரண்டு மொழியிலும் இறக்கி வை. ஆங்கிலப் புத்தகத்தை நீ சத்தமாக வாசி. நான் தமிழ்ப் புத்தகத்தில் விரல் வைத்துக் கூடவே வருகிறேன்.

அன்புடன்,
அத்தை