தலைசுற்றலும் அறுவையும்

விலங்கியல் பயிலும் எனக்கு உட்செவி ஒரு விந்தை. கேட்பதற்கான நத்தைக்குழலும், உடலை நிலைநிறுத்தும் மூன்று அரைவட்டக் குழல்களும் அங்கு ஒட்டுக் குடித்தனம் செய்கின்றன.

தலைசுற்றலும் காது மந்தமும் சேர்ந்து வரும் நோய்க்கு உட்செவியே பிறப்பிடம் என்று 1861-ல் பாரிஸ் மருத்துவர் மெனியேர் உரைத்தார். அங்குள்ள நீர் மிகுந்து வீங்குவதை 1938-ல் இலண்டனில் ஹால்பைக்கும் கெய்ர்ன்ஸும் கண்டனர்.

பலருக்கு மருந்தும் உப்புக் குறைப்புமே போதும். அடங்காவிடில் அறுவை. உட்செவியை அழித்தால் சுற்றல் நிற்கும். அக்காதின் செவிப்புலனும் போகும். ஆகவே கேளாக் காதுக்கே அது தகும். கேட்கும் காதாயின், மண்டையோட்டைத் திறந்து சமநிலை நரம்பை மட்டும் துண்டிப்பர். இரண்டுமே இழந்த செவிப்புலனை மீட்டுத் தாரா.

காது இரைச்சலோடு தலை சுற்றினால், 'பித்தம்' என்று வாளாவிராதீர்கள். செவிப்புலன் எஞ்சியிருக்கும்போதே காது மருத்துவரை நாடுங்கள்.