உலர்த்துவது பாதி, காப்பது மீதி

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் மகன் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவன். ஜப்பானில் உலர் உணவு தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம். "சார், படித்த பையன் அவ்வளவு தூரம் போய்க் கருவாடு காயப்போடுவதா? உங்கள் பையன் அங்கேதானே இருக்கிறான், நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2016-இல் இதே கேள்வியை, இதே ஏளனத்தோடு, என் மகனிடம் நானே கேட்டிருக்கிறேன். "ரயில்வே இன்ஜினியர் மகன் கருவாட்டுக் கம்பெனியிலா?" என்று சொல்லிவிட்டு இரண்டு மூன்று மாதம் அவனோடு சரியாகப் பேசவும் இல்லை. 2023-இல் நானும் என் மனைவியும் அவனிடம் போய் இரண்டு மாதம் தங்கினோம். அதன்பின் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை.

நண்பருக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. நம்மில் இன்னும் சிலருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். நான் உணவு விஞ்ஞானம் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்துக் கரக்பூர் பணிமனையில் ரயில் பெட்டிகளின் பிரேக்கோடு காலம் கழித்தவன். எனவே தவறில்லாமல், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

ஈரம் வேறு, அவிழ்ந்த ஈரம் வேறு

வற்றல், வடகம், அப்பளம், கருவாடு எல்லாம் நம் வீட்டுச் சமாசாரங்கள். வெயிலில் போட்டால் தண்ணீர் போய்விடும், பண்டம் கெடாது என்பது நம் பாட்டிமார் கணக்கு. கணக்குச் சரிதான். ஆனால் அதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது.

தேனில் நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டுப் பங்கு நீர் இருக்கிறது. அது கெடுவதில்லை. அதே அளவு ஈரம் மூட்டையில் கட்டிய நெல்லில் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். ஏன்? தேனில் உள்ள நீரைச் சர்க்கரை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. நுண்ணுயிர்க்கு அது கிடைக்காது. ஆகவே எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு நீர் கட்டவிழ்ந்து கிடக்கிறது என்பதே கேள்வி.

இதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் அளக்கிறார்கள். தூய நீர் 1. பச்சை மீன் கிட்டத்தட்ட அதே அளவு. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9-க்குக் கீழே பெருகுவதில்லை. பூஞ்சைகள் இன்னும் சற்றுக் கீழே வரை தாக்குப்பிடிக்கும். 0.6-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது. உலர் உணவுத் தொழிற்சாலையின் வேலை முழுவதும் இந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான்.

ஆறு மாதத்துக் கருவாடு

என் மகன் இருப்பது ஷிசுவோகா மாநிலத்தில். அருகே யைசு என்னும் மீன்பிடித் துறைமுகம். தெற்கே உள்ள மகுராசாகியைப் போல இதுவும் 'கட்சுவோபுஷி'க்குப் பெயர் பெற்ற ஊர். நம் தூத்துக்குடிப் பக்கத்தார் மாசிக் கருவாடு அறிவார்கள் அல்லவா? மாலத்தீவிலும் நம் லட்சத்தீவின் மினிக்காயிலும் சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்துச் செய்வது. கட்சுவோபுஷி அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

மீனை நீளவாக்கில் துண்டாக்கி, கொதிக்காத வெந்நீரில் வேகவைக்கிறார்கள். பிறகு முள் எடுக்கிறார்கள். ஓக் போன்ற கெட்டி மரங்களின் புகையில் சூடு காட்டுகிறார்கள், ஆறவிடுகிறார்கள், மறுபடி காட்டுகிறார்கள். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. ஏன் ஒரேயடியாகக் காயவைப்பதில்லை? மேல்புறம் முதலில் இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லை. ஆறவிடும் நேரத்தில் உள் ஈரம் மெல்ல மேலே வருகிறது. அடுத்த சூட்டில் அது போகிறது.

உயர்ந்த வகைக்கு இதோடு முடியவில்லை. நல்ல ஜாதிப் பூஞ்சை ஒன்றை வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். அது மீனில் மிஞ்சிய ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, கொழுப்பையும் சிதைக்கிறது. வெயிலில் வைத்து, துடைத்து, மறுபடி பூஞ்சை ஏற்றி, இப்படி ஆறு மாதம்வரை போகிறது. கடைசியில் ஒன்றோடொன்று தட்டினால் கட்டை போல ஒலிக்கிறது. பச்சை மீனின் எடையில் ஐந்தாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். இதைச் சீவி, கொதிநீரில் இட்டு வடிப்பதே அவர்கள் சமையலின் அடிப்படைச் சாறு. நமக்குப் புளி, பருப்பு எப்படியோ அப்படி.

கூடவே சேர்வது 'கொம்பு'. மாட்டுக் கொம்பு அன்று, உலர்ந்த கடற்பாசி. 1908-இல் கிகுனாயே இகேடா என்னும் பேராசிரியர் அதிலிருந்து குளுடமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 1913-இல் அவருடைய சீடர் ஷிந்தாரோ கொடாமா கட்சுவோபுஷியில் உள்ள இனோசினேட்டைக் கண்டார். இரண்டும் சேர்ந்தால் சுவை பன்மடங்காகும். சமையற்கட்டில் இருந்ததை ஆய்வுக்கூடத்தில் அளந்து, தொழிலாக்கி, உலகத்துக்கு விற்றார்கள்.

கற்பூரம் போல மறையும் பனிக்கட்டி

மகனுடைய கம்பெனியில் முக்கிய வேலை உறையவைத்து உலர்த்துவது. கோப்பை நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றியதும் இறாலும் காயும் உயிர் பெறுகின்றனவே, அந்த வகை.

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகாமலே கரைந்து மறைகிறது. பனிக்கட்டியையும் அப்படி மறையவைக்கலாம். காற்றழுத்தம் 4.6 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தால், பனிக்கட்டி நீராகாமல் நேரே ஆவியாகும். எனவே சூப்பையோ காயையோ உறையவைத்து, பெரிய உருளைக்குள் ஏற்றி, காற்றை உறிஞ்சி, தட்டுகளை மெல்லச் சூடுபடுத்துகிறார்கள். ஆவியை மிகக் குளிர்ந்த குழாய்கள் பனியாகப் பிடித்துக்கொள்கின்றன. ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். பனி இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்பதால், வெந்நீர் பட்டதும் பண்டம் பழைய உருவம் பெறுகிறது.

இங்கேதான் என் தொழில் குறுக்கிட்டது. பழைய வாக்குவம் பிரேக் வண்டிகளில் இன்ஜினில் 530 மில்லிமீட்டர் வாக்குவம் வைப்போம். அதாவது 760-இல் 230 மிச்சம் இருக்கும். இவர்கள் மிச்சமே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுபோகிறார்கள்! நாங்கள் பேசாமல் இருந்த நாட்களில் ஓர் இரவு மகன் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, வாக்குவம் பிடிக்கவில்லை. பம்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்றான். "பம்பை விடு, கதவு ரப்பரைப் பார். எங்களுக்குப் பாதி நேரம் வாஷரில்தான் ஒழுக்கு" என்றேன். மறுநாள் அழைத்து, "ரப்பர்தான் அப்பா" என்றான். அன்றிலிருந்து நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்தோம்.

துரு செய்யும் தொண்டு

நன்றாக உலர்ந்த பண்டம் தாகத்தோடு இருக்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எனவே உலர்த்துவது பாதி வேலைதான். காப்பது மீதி. அலுமினியப் படலம் சேர்ந்த உறை ஈரம், காற்று, ஒளி மூன்றையும் தடுக்கிறது. கடற்பாசித் தாள் டப்பாவில் ஒரு சிறு பொட்டலத்தில் சுட்ட சுண்ணாம்பு இருக்கும், ஈரத்தைக் குடிக்க. வேறு சிலவற்றில் இரும்புத்தூள் பொட்டலம். இரும்பு துருப்பிடிக்கும்போது உறைக்குள் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. துருவோடு சண்டையிட்டே சம்பளம் வாங்கியவன் நான். அதே துருவை வேலைக்கு வைத்திருக்கிறார்களே என்று வியந்தேன். குழந்தைகள் அந்தப் பொட்டலங்களைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பொட்டலம் நனைந்தால் சுடும்.

உள்ளூருக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று

ஒரே பண்டத்தை எல்லா நாட்டுக்கும் விற்றுவிட முடியாது. மரப்புகையில் பென்சோபைரீன் என்னும் தீய பொருள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் புகையூட்டிய மீனில் அதற்கு வைத்திருக்கும் உச்சவரம்பு மிகக் கடுமையானது. பழைய முறைக் கட்சுவோபுஷி அதில் தேறுவது கடினம். 2015-இல் மிலான் நகரக் கண்காட்சிக்குத் தனி அனுமதி பெற்றுத்தான் கொண்டுபோனார்கள். பிறகு மகுராசாகிக்காரர்கள் பிரான்ஸின் கோன்கார்னோ நகரிலேயே ஒரு தொழிற்சாலை அமைத்து, 2016-இல் அந்த வரம்புக்குள் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

ஒவ்வாமை அறிவிப்பும் அப்படியே. ஜப்பானில் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, நிலக்கடலை, பக்வீட் என்னும் தானியம் ஆகியவற்றோடு 2023-இல் அக்ரூட்டையும் கட்டாயமாக்கினார்கள். எள் கட்டாயப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவிலோ 2023 ஜனவரி முதல் எள்ளும் கட்டாயம். பெட்டியில் ஒரு சொல் விட்டுப்போனால் சரக்கு திரும்பி வரும். அதைவிட மோசம், யாராவது ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறும்.

கப்பல் பயணம் வேறு. குளிர் நாட்டில் ஏற்றிய கண்டெய்னர் வெப்பக் கடலைக் கடக்கும்போது, பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்கி, உள்ளே கூரையில் நீர் துளிர்த்துச் சொட்டும். அதற்கும் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுகிறார்கள்.

விரல் நீட்டிச் சொல்

தொழிற்சாலையைக் குடும்பத்தாருக்குக் காட்டும் நாளில், கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தேன். ஒவ்வொருவரும் கைகழுவி, உடையில் ஒட்டுருளை ஓட்டி, காற்று வீசும் அறையைக் கடந்து உள்ளே போகிறார்கள். கடிகாரம், மோதிரம், மூடியுள்ள பேனா எதுவும் கூடாது. இயந்திரத்தின் முன் நின்று அளவுமானியை விரலால் சுட்டி, உரக்கப் படிக்கிறார்கள்.

எனக்கு மெய்சிலிர்த்தது. இது ரயில்காரன் வழக்கம்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய நீராவி இன்ஜின் ஓட்டிகளிடம் தோன்றியது. நம் ஓட்டுநரும் உதவியாளரும் சிக்னலைக் கைகாட்டி ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்வதில்லையா? கண், கை, வாய், காது நான்கும் சேர்ந்தால் மனம் தூங்காது. அங்கே ரயில்வே ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில், இப்படிச் செய்தபோது தவறுகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்தனவாம்.

மகன் சொன்ன ஒரு நிகழ்ச்சி. இரவுப் பணியில் உறை ஒட்டும் இயந்திரத்தின் அளவுமானி சரியாகவே காட்டியது. ஆனால் கையில் எடுத்து அழுத்திய உறையில் ஒரு மூலை மெல்லச் சீறியது. நிறுத்தினால் உற்பத்தி கெடும், நிறுத்தாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் நிறுத்திவிட்டான். கடைசியாகச் சரிபார்த்த நேரத்திலிருந்து வந்த அத்தனை பெட்டியையும் பிரித்தார்கள். பாதி வெளிநாட்டுக்குப் போகவேண்டியவை. திட்டு விழும் என்று பயந்திருந்தான். காலைக் கூட்டத்தில் மேலாளர் நன்றி சொன்னாராம். பிறகு "யார்?" என்று கேட்காமல், "ஏன்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். வெப்பமானியின் கம்பி ஒன்று தளர்ந்திருந்தது தெரிந்தது. அந்தக் கதையைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பணியில் கற்றுத்தர விரும்பியதை அவன் எங்கேயோ போய்க் கற்றுக்கொண்டுவிட்டான்.

போக நினைப்பவர்களுக்கு

எல்லாம் இனிப்பல்ல. நாள் முழுதும் நிற்கவேண்டும். உறை அறைப் பக்கம் குளிர், புகை அறைப் பக்கம் வெக்கை. இரவுப் பணி உண்டு. சைவர்களுக்குச் சோதனைதான். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் மீன்சாறு கலந்திருக்கும். கொம்பும் உலர் காளானும் இட்டு வடித்த சாற்றைத் தேடிப் பழகவேண்டும்.

2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த தனித்திறன் விசாவில் உணவுத் தயாரிப்பும் ஒரு துறை. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் இதற்கென உடன்பாடு செய்துகொண்டன. திறன் தேர்விலும் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்விலும் தேறவேண்டும். அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத ஊதியம் தரவேண்டும் என்பது விதி. முதல் நிலையில் மொத்தம் 5 ஆண்டுகள், குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. 2023 முதல் உணவுத் தயாரிப்பிலும் இரண்டாம் நிலைக்கு உயரலாம். அதில் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். மொழியைப் படிக்காமல் போகிறவன் கதவருகே நிற்பவன்தான். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் எந்தத் தரகரிடமும் பணம் கட்டாதீர்கள்.

நண்பருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: உங்கள் மகன் போவது கருவாடு காயப்போட அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஈரம் திரும்பி வராமல் காவல் காக்கப் போகிறான். அந்தப் பொறுமை அவனுக்கு உண்டா என்று அவனையே கேளுங்கள். உண்டு என்றால் தடுக்காதீர்கள்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப் பாடம். நன்கு காய்ந்த அப்பளம் இரண்டு எடுங்கள். ஒன்றை இறுக மூடிய டப்பாவிலும், மற்றொன்றை மழை நாளில் திறந்த தட்டிலும் வையுங்கள். இரண்டு நாள் கழித்து இரண்டையும் வளைத்துப் பாருங்கள். பிறகு அம்மாவிடம் கொடுத்துப் பொரிக்கச் சொல்லுங்கள். நான் இவ்வளவு பக்கத்தில் சொன்னதை அந்த அப்பளம் ஒரு நொடியில் சொல்லிவிடும்.