உயிலை லாக்கரில் வைக்கலாமா?

கேள்வி: வயது 68. வீட்டுப் பத்திரம், பாலிசி எல்லாம் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. உயிலை லாக்கரில் வைத்தால் போதுமா?

பதில்: லாக்கர் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் வேண்டாம். அதைத் திறக்கவே பிள்ளைகள் வங்கிக்கு அலைய நேரும். உயிலுக்கு முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து அவசியம். சொத்து பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள். மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடமும் ஒப்படைக்கலாம்.

மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். என் பெரியப்பாவின் மூலப் பத்திரம் பரண்மேல் முறுக்கு டின்னில் அகப்பட்டது, ஓரத்தை எலி கொறித்தபடி! வங்கி நாமினி பணத்தை வாங்கிக்கொடுப்பவர்தான், உரிமையாளர் அல்ல. இதில்தான் பல வீடுகளில் சண்டை. கணக்கு எண்களை ஒரு நோட்டில் எழுதி, அது இருக்குமிடத்தை இன்றே வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.