சரக்கு மாறும்போது வெப்சைட்டை மாற்றுவது எப்படி?

ஒரு சரக்கில் பேரெடுத்தவர் காலத்துக்கேற்ப வேறு சரக்குக்கு மாறுவது நம் கடைவீதிகளுக்குப் புதிதல்ல. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை என்று 2018 ஜூன் 5 அன்று தமிழக அரசு அறிவித்தது. 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. பிளாஸ்டிக் கப், தட்டு, கேரி பேக் என்று மொத்த வியாபாரம் செய்தவர்கள் பாக்குமட்டைத் தட்டு, துணிப்பை, காகிதப்பை என்று மாற வேண்டியதாயிற்று.

கடையில் சரக்கை மாற்ற ஒரு வாரம் போதும். போர்டை மாற்ற ஒரு நாள் போதும். ஆனால் பல ஆண்டுகளாக நடத்தி, கூகுளில் தேடினால் முன்னால் வந்து நிற்கும் வெப்சைட்டை என்ன செய்வது? "யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் வீடியோ போட்டால் கூட்டம் தானாக வரும், புதுச் சரக்கு ஓடிவிடும்" என்று பலரும் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை, பாதி ஆபத்து. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இந்தப் பாடம்.

1. பழைய வெப்சைட்டின் சொத்து எது?

பழைய முகவரிக்குக் கிடைத்த மதிப்பு புதுச் சரக்குக்கும் அப்படியே வந்துவிடும் என்று நினைக்கலாகாது. கூகுள் ஒவ்வொரு பக்கத்தையும் அதில் உள்ள விஷயத்தை வைத்தே எடைபோடுகிறது. பிளாஸ்டிக் கப்புக்கு முதலில் வந்த பக்கம், பாக்குமட்டைத் தட்டுக்கும் முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிறர் கைவிட்ட பழைய முகவரியை விலைக்கு வாங்கி, அதன் பெயரைக் காட்டிச் சம்பந்தமில்லாத சரக்கை ஏற்றுவதை 2024 மார்ச் முதல் கூகுள் மோசடி வகையில் சேர்த்துவிட்டது. நம் சொந்த முகவரியில் நாமே சரக்கை மாற்றுவது அந்தக் குற்றமாகாது. ஆனாலும் பழைய பெயரை மட்டும் நம்பி மாற முடியாது என்பது இதிலிருந்து விளங்கும்.

அப்படியானால் சொத்து எது? வாங்குபவர்கள்தாம். டீக்கடைக்காரர், ஓட்டல்காரர், கேட்டரிங் கான்ட்ராக்டர், கல்யாண மண்டபத்துக்காரர் ஆகியோர் நேற்றும் தட்டும் கப்பும் வாங்கினார்கள், இன்றும் வாங்குகிறார்கள். சரக்குக்குத் தடை வந்தது. அவர்களின் தேவைக்குத் தடை வரவில்லை. ஆகையால் புதுச் சரக்கைத் தேர்ந்தெடுக்கும்போது, பழைய பேரேட்டில் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அது தேவைப்படும் என்பதே முதல் கேள்வி. அதே ஆட்கள் வாங்கும் சரக்கென்றால் பழைய முகவரியிலேயே மாறலாம். முற்றிலும் வேறு ஆட்கள் வாங்கும் சரக்கென்றால் தனி முகவரி தொடங்குவதே நல்லது.

2. பழைய பக்கங்களை என்ன செய்வது?

அவசரப்பட்டு அழித்துவிடக் கூடாது. ஒரு பழைய பொருளுக்கு நேரான மாற்றுப் பொருள் இருந்தால், அந்தப் பக்கத்துக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்குத் தானாகவே கொண்டுபோய் விடும்படி செய்யலாம். கணினிக்காரர்கள் இதை 301 ரீடைரக்ட் என்பார்கள். குறைந்தது ஓராண்டாவது இதை வைத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது. பிளாஸ்டிக் தட்டுப் பக்கத்திலிருந்து பாக்குமட்டைத் தட்டுப் பக்கத்துக்கு அனுப்புவது சரி. எல்லாப் பக்கங்களையும் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சரியல்ல. கேட்ட பொருளைக் காணாமல் வாடிக்கையாளரும் போய்விடுவார், கூகுளும் அதைக் காணாமல் போன பக்கமாகவே கணக்கிடும்.

நேரான மாற்று இல்லாத பொருளுக்கு, "இப்பொருள் 2019 முதல் தடை செய்யப்பட்டது; இதற்குப் பதிலாக எங்களிடம் கிடைப்பவை இவை" என்று நாலு வரி எழுதி வைத்தால் போதும். தேடி வந்தவருக்கு வழி சொன்னது போலாகும்.

3. சமூக ஊடகத்துக் கூட்டம் யாருடையது?

இது திருவிழாக் கூட்டம் போன்றது. கடை வாசலில் ஆயிரம் பேர் போகிறார்கள் என்பதற்காக ஆயிரம் பேரும் நம் வாடிக்கையாளர் ஆகிவிட மாட்டார்கள். தேர் வேறு தெருவில் திரும்பினால் கூட்டமும் திரும்பிவிடும்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றை நாம் அறிந்திருப்பது நல்லது. நியூயார்க்கில் பெட்ஃப்ளோ என்ற நிறுவனம் நாய், பூனைத் தீவனத்தை இணையத்தில் விற்றுவந்தது. ஃபேஸ்புக்கில் பிராணிகளைப் பற்றிய செய்திகள் போட்டு வாடிக்கையாளர்களைச் சேர்த்தது. தீவனத்தைவிடச் செய்திகளுக்குக் கூட்டம் பெருகவே, அதே ஆட்கள் 2014-இல் லிட்டில்திங்ஸ் என்ற தளத்தைத் தொடங்கி, மனதுக்கு இதமான செய்திகளையே தொழிலாக்கிக்கொண்டார்கள். தொழில் மளமளவென்று வளர்ந்தது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே முதலிடம் என்று தன் முறையை மாற்றியது. தமக்கு இலவசமாக வந்துகொண்டிருந்த கூட்டத்தில் முக்கால் பங்கு போய்விட்டது என்று நிறுவனம் சொன்னது. அடுத்த மாதமே தளம் மூடப்பட்டது. ஏறத்தாழ 100 பேருக்கு வேலை போயிற்று. சரக்கில் குறை இல்லை, உழைப்பிலும் குறை இல்லை. வாசல் மட்டும் இன்னொருவருடையதாக இருந்தது.

நம் நாட்டிலும் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அதையே நம்பி விளம்பரம் செய்தவர்கள் சேர்த்த கூட்டமெல்லாம் ஒரே நாளில் கைநழுவியது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை வியாபாரத்துக்கும் பொருந்தும்.

4. கூட்டத்தைப் பேரேட்டில் ஏற்றும் முறை

அதற்காகச் சமூக ஊடகமே வேண்டாம் என்பதல்ல. கூகுள் புதுச் சரக்கை அறிந்து நம் பக்கத்தை முன்னால் கொண்டுவரச் சில மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியை நிரப்ப இந்தக் கூட்டம் உதவும். முறையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

முதலாவது, மொத்த வியாபாரி என்பதை வீடியோவிலேயே சொல்லிவிட வேண்டும். பாக்குமட்டைத் தட்டு வீடியோவைப் பார்த்து வீட்டு விசேஷத்துக்கு 25 தட்டு கேட்பவர்தான் அதிகம் வருவார். குறைந்தபட்ச ஆர்டர் இவ்வளவு, ஒரு பெட்டியில் இத்தனை தட்டு, லாரி வாடகை யார் கணக்கு என்று முதலிலேயே சொன்னால் வீண் விசாரணை குறையும். லைக் குறையலாம்; கவலை வேண்டாம்.

இரண்டாவது, வாங்குபவருக்குப் பயன்படும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பாக்குமட்டைத் தட்டு பூசணம் பிடிக்காமல் எப்படி அடுக்கி வைப்பது, குழம்பு ஊற்றினால் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று காட்டினால் ஓட்டல்காரர் நின்று பார்ப்பார். இத்தகைய விளக்க வீடியோ யூடியூபில் பின்னாளில் தேடுபவருக்கும் கிடைக்கும். இன்ஸ்டாகிராம் ரீலோ வந்த வேகத்தில் போய்விடும். அதன் கீழே எழுதும் வெப்சைட் முகவரியைத் தொட்டாலும் திறக்காது. ஆகவே முகப்புக் குறிப்பிலும் ஸ்டோரியிலும் லிங்க் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, விசாரித்தவரின் பெயர், ஊர், கடை, போன் எண் ஆகியவற்றை அவர் சம்மதத்துடன் நம் சொந்தப் புத்தகத்தில் அன்றன்றே ஏற்ற வேண்டும். நம் எண்ணைத் தம் போனில் பதிந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்வதும் அவசியம். பதியாதவருக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போய்ச் சேராது.

நான்காவது, கணக்கு. ஒரு மாதத்தில் 100 பேர் விசாரித்து, 10 பேர் வாங்கி, அவர்களில் 3 பேர் மறுமாதமும் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் வரவேண்டிய எண் 3 மட்டுமே. பார்த்தவர் தொகை எத்தனை லட்சமானாலும் அதை நம்பிச் சரக்கு போடக் கூடாது. மறு ஆர்டர் எந்த அளவுக்கு வளர்கிறதோ அந்த அளவுக்கே கொள்முதலைக் கூட்ட வேண்டும்.

5. சட்டப்படி கவனிக்க வேண்டியவை

புதுச் சரக்கும் தடைப் பட்டியலில் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். தமிழகத்தின் 14 வகைகளில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும், நெய்யாத பை எனப்படும் நான் ஓவன் பையும் அடங்கும். துணிபோல் இருக்கிறதென்று அதற்கு மாறியவர் ஒரு தடையிலிருந்து இன்னொரு தடைக்குத்தான் போனார். மக்கும் பை என்று விற்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று தேவை. வெளிநாட்டு ஆர்டர் வந்தால் அந்நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பாக்குமட்டைத் தட்டில் உணவு பரிமாற அனுமதியில்லை என்று 2025-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்திருக்கிறது.

ஜி.எஸ்.டி. பதிவில் சரக்கு விவரம் மாறினால் 15 நாட்களுக்குள் திருத்த விண்ணப்பம் செய்ய வேண்டும். சில்லறைப் பாக்கெட்டாக இணையத்தில் விற்றால் தயாரித்தவர் பெயர், அளவு, அதிகபட்ச விலை முதலியவற்றை வெப்சைட்டிலேயே காட்ட வேண்டும்.

வணிகப் பெருமக்களே, கடைவீதியில் நாம் பிடித்த இடம் ஒரு நாளில் கிடைத்ததல்ல. ஒவ்வொரு வாடிக்கையாளராகச் சேர்ந்து உண்டானது. இணையத்திலும் அதே கணக்குதான். கூட்டம் எந்த வழியாக வந்தாலும் வரட்டும். நம் பேரேட்டில் ஏறிய பெயர்களின் எண்ணிக்கையைப் பார்த்தே அடுத்த அடி எடுத்து வைப்போம்.