மோட்டார் தொலைநோக்கி முரண்டு பிடித்தால்

சனியைக் காட்டச் சொன்னால் வெற்று வானத்தில் போய் நிற்கிறதா? உடனே பழுதென்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மோட்டார் விட்டுவிட்டுச் சுற்றினாலோ, ரிமோட்டின் திரை தானாக அணைந்து எரிந்தாலோ முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஏஏ பேட்டரிகள் சீக்கிரமே தளர்ந்துவிடும். கருவிக்கு உரிய 12 வோல்ட் அடாப்டர் வாங்குவது நல்ல செலவு.

அடுத்தது தேதி. பல கருவிகள் அமெரிக்க முறைப்படி மாதத்தைத்தான் முதலில் கேட்கும். மார்ச் 5-ஐ 05/03 என்று கொடுத்தால் அதற்கு அது மே 3! நேர மண்டலம் +5:30. கோடைக்கால நேரம் வேண்டாம். இருக்கும் ஊரையும் சரியாகக் கொடுங்கள்: சென்னை என்றால் 13 டிகிரி வடக்கு, 80 டிகிரி கிழக்கு.

கருவி திசையறிவதற்காக அதற்கு நட்சத்திரங்களை அடையாளம் காட்டும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். பிப்ரவரி மாலைகளில் தெற்கே தாழ்வாக மின்னும் அகத்தியரை (கனோபஸ்) சிரியஸ் என்று நினைத்துவிட்டால் அன்றிரவு முழுக்கக் குறி தப்பும். சிரியஸ் அதைவிட உயரத்தில், இன்னும் பளிச்சென்று இருக்கும். தள்ளித்தள்ளி இருக்கும் இரண்டு நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுங்கள். நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவரும் கடைசி நகர்வு மேல், வலது பொத்தான்களில் முடியட்டும். பற்சக்கரங்களின் தளர்வு அப்போது குழப்பாது.

குறிபார்க்க உதவும் சிறிய துணைத்தொலைநோக்கியை (ஃபைண்டர்) பகலிலேயே, தூரத்துச் செல்போன் கோபுரத்தைப் பார்த்துச் சரிசெய்யலாம். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.