மூன்றும் பெண்ணாய்ப் பிறந்தது யாரால்? – இனச்செல் உருவாக்கத்தை வகுப்பறையில் கற்பித்தல்

பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடத்தை முடித்த அன்று, வகுப்பு கலைந்த பிறகு ஒரு மாணவி மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், எங்க வீட்ல நாங்க மூணு பொண்ணுங்க. பாட்டி எப்பவும் அம்மாவைத்தான் திட்டுவாங்க. அது அம்மாவாலதானா?" என்று கேட்டாள்.

எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய் என்று கரும்பலகையில் கட்டம் போட்டு அன்றுதான் விளக்கியிருந்தேன். அவளும் குறிப்பேட்டில் அதைப் பிழையின்றி எழுதியிருந்தாள். ஆனாலும் தன் வீட்டுக் கேள்விக்கான விடை அதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. குறை அவளிடம் இல்லை. ஆணும் பெண்ணும் ஆளுக்குப் பாதிக் குரோமோசோம்களைத் தருகிறார்கள் என்று தொடங்கிவிட்டு, அந்தப் பாதி எப்படி உண்டாகிறது என்பதை நான் இரண்டே வரிகளில் கடந்திருந்தேன். மறுநாள் அதே பாடத்தை அட்டைகளைக் கொண்டு மீண்டும் நடத்தினேன். அந்த முறையை இங்கே பகிர்கிறேன்.

பாதியாக்குவது ஏன்?

மனித உடல் செல்லில் 46 குரோமோசோம்கள், அதாவது 23 இணைகள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்தது. (1956-இல் ஜியோ, லெவான் ஆகியோர் 46 என்று உறுதிசெய்யும் வரை 48 என்றே நூல்கள் கூறிவந்தன. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல சான்று.)

விந்து செல்லிலும் அண்ட செல்லிலும் 46 வீதம் இருந்தால் குழந்தைக்கு எத்தனை குரோமோசோம்கள் இருக்கும்? "92" என்று மாணவர்களே சொல்வார்கள். அடுத்த தலைமுறைக்கு? "184". இங்கே நிறுத்தி, "இதைத் தடுக்க உடல் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். குன்றல் பகுப்பின் தேவையை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

செயல்பாடு: அட்டையும் புளியங்கொட்டையும்

நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். பாதிக் குழுக்கள் விந்தகம், மீதி அண்டகம். 23 இணைகளுக்குப் பதில் மூன்று இணைகள் போதும். தாய்வழி அட்டைகள் சிவப்பு, தந்தைவழி அட்டைகள் நீலம். முதல் இரண்டு இணைகளில் 1, 2 என்று எழுதுங்கள். மூன்றாம் இணையில் அண்டகக் குழுவுக்கு இரண்டு எக்ஸ்; விந்தகக் குழுவுக்குச் சிவப்பு எக்ஸ், நீல ஒய். சைட்டோபிளாசத்துக்காக ஒவ்வொரு குழுவுக்கும் 40 புளியங்கொட்டைகள் கொடுங்கள்.

1. இரட்டித்தல்: ஒவ்வோர் அட்டைக்கும் அதே நிறத்தில் ஒரு நகல் செய்து கிளிப்பால் இணைக்க வேண்டும். இவை சகோதரி குரோமாட்டிடுகள்.

2. இணைசேர்தலும் குறுக்கே கலத்தலும்: ஒரே எண்ணுள்ள சிவப்பையும் நீலத்தையும் அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரு அட்டையின் நுனியை வெட்டி, மாற்றி ஒட்டவேண்டும். எக்ஸ்–ஒய் இணையை இதில் விட்டுவிடலாம்.

3. முதல் பிரிவு: ஒவ்வோர் இணைக்கும் தனித்தனியே நாணயம் சுண்டி, சிவப்பு எந்தப் பக்கம், நீலம் எந்தப் பக்கம் என்று முடிவுசெய்ய வேண்டும்.

4. இரண்டாம் பிரிவு: கிளிப்பை நீக்கி நகல்களைப் பிரிக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு குவியலிலும் மூன்று அட்டைகளே இருக்கும். குழுக்கள் தங்கள் குவியல்களை ஒப்பிடட்டும். பெரும்பாலும் ஒன்றுபோல் மற்றொன்று இராது. மூன்று இணைகளுக்கு நாணயம் தரும் சேர்க்கைகள் 8. 23 இணைகளுக்கு 83,88,608. குறுக்கே கலத்தலையும் சேர்த்தால் எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஏன் ஒரே அச்சாக இருப்பதில்லை என்பதற்கு விடை இதுதான்.

எண்ணிக்கையில் வேறுபாடு

விந்தகக் குழு கொட்டைகளை 20–20 ஆகவும், பின் பத்துப் பத்தாகவும் பிரிக்கட்டும். நான்கு சமமான செல்கள் கிடைக்கும். நான்கும் பின்னர் பெரும்பாலான கொட்டைகளையும் உதறிவிட்டு, வால் முளைத்து விந்து செல்களாகும்.

அண்டகக் குழு முதல் பிரிவில் 39–1 என்றும், அடுத்ததில் 38–1 என்றும் பிரிக்க வேண்டும். "இது அநியாயம் டீச்சர்" என்று ஒரு குரல் நிச்சயம் எழும். கருவின் முதல் நாள்களுக்கான உணவும் உறுப்புகளும் அண்ட செல்லில்தான் இருக்க வேண்டும் என்று அப்போது விளக்குங்கள். ஒரு கொட்டை பெற்றவை துருவ உறுப்புகள், அவை அழிந்துவிடும்.

காலத்தில் வேறுபாடு

விந்து செல் உருவாக்கம் பூப்பெய்தும்போது தொடங்கி முதுமை வரை நடக்கும். ஒரு செல் முழுமையடையச் சுமார் பத்து வாரங்களாகும்.

அண்ட செல்லின் கதை வேறு. இரண்டாம் படி முடிந்ததும் அண்டகக் குழுவின் அட்டைகளை ஓர் உறையில் போட்டு, "அம்மா பிறப்பதற்கு முன்" என்று எழுதச் சொல்லுங்கள். உண்மையில் நடப்பதும் அதுதான். ஐந்து மாதப் பெண் கருவின் அண்டகங்களில் 60 முதல் 70 லட்சம் முன்னோடிச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்பெய்தும்போது 3 முதல் 4 லட்சம் எனக் குறையும். வாழ்நாளில் வெளிவருபவை 400 முதல் 500 மட்டுமே. எஞ்சியவை முதல் பிரிவின் தொடக்கத்திலேயே காத்திருக்கும். மாதந்தோறும் ஓர் உறை திறக்கும். முதல் பிரிவு முடியும். இரண்டாம் பிரிவு, விந்து செல் நுழைந்தால்தான் முடிவடையும். அண்ட செல் குன்றல் பகுப்பை முழுதாக முடித்துக்கொண்டுதான் வெளிவருகிறது என்று பலர் தேர்வில் எழுதும் பிழையை இந்த உறை திருத்திவிடும்.

இன்னொன்றையும் சொல்லுங்கள்: நீங்களாக வளர்ந்த அந்த அண்ட செல்லின் முன்னோடி, உங்கள் அம்மா பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே தோன்றிவிட்டது. வகுப்பு அமைதியாகிவிடும்.

மாணவியின் கேள்விக்கு விடை

இப்போது குவியல்களில் மூன்றாம் அட்டையை மட்டும் எல்லாரும் உயர்த்திக் காட்டட்டும். அண்டகக் குழுக்கள் எல்லாவற்றிலும் எக்ஸ். ஒவ்வொரு விந்தகக் குழுவிலும் இரண்டு எக்ஸ், இரண்டு ஒய். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடை கையிலேயே இருக்கிறது. அம்மாவிடம் ஒய் அட்டையே கிடையாது.

1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் அறிவியலாளர் மாவுப் புழு வண்டுகளில் இதைக் கண்டார். பெண் வண்டின் செல்களில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆணில் 19 பெரியவை, ஒன்று சிறியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் வீடுகளில் ஏச்சு தாய்க்கே விழுகிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் சட்டம் தேவைப்பட்டது. எனவே இது மதிப்பெண்ணோடு முடியும் பாடம் அன்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழியைத் தாயிடமிருந்து எடுத்துத் தந்தை மேல் போட்டுவிடாதீர்கள். எந்த விந்து செல் முந்தும் என்பதை அவரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொருவரையும் நாணயத்தை மூன்று முறை சுண்டச் சொல்லுங்கள். 40 பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு மூன்றும் 'பெண்' என்று விழும். முந்தைய முடிவு நாணயத்துக்கு நினைவில் இருப்பதில்லை. நான்காவதும் சம வாய்ப்புதான். எங்கள் வகுப்பில் ஆறு பேருக்கு அப்படி விழுந்தது. "இதுல யாரைத் திட்டுறது?" என்று பின்வரிசையில் ஒரு மாணவன் கேட்டான். கேள்வி கேட்ட மாணவி சிரித்தாள்.

ஆசிரியர் கவனத்துக்கு

• மாணவரையும் மாணவியரையும் பிரிக்காமல் நடத்துங்கள். உறுப்புகளின் பெயர்களைத் தயங்காமல் சொல்லுங்கள். நம் தயக்கம்தான் அவர்களின் சிரிப்பாகிறது.

• பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வையுங்கள்.

• பிரிவில் பிழை நேர்ந்து ஓர் அட்டை கூடுதலாகலாம். 21-ஆம் குரோமோசோம் கூடுதலாவதால் டவுன் நோய்க்குறி ஏற்படுகிறது. இத்தகைய குழந்தைகளின் உடன்பிறந்தோர் வகுப்பில் இருக்கலாம். இதிலும் யார் மேலும் பழியில்லை என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. ஒரு முதல்நிலை விந்து செல்லிலிருந்தும் ஒரு முதல்நிலை அண்ட செல்லிலிருந்தும் எத்தனை இனச்செல்கள் உருவாகும்? ஏன்?

2. அண்ட செல்லின் குன்றல் பகுப்பு எந்தெந்த இரு நிலைகளில் நின்று காத்திருக்கிறது?

3. ஒரு ஆணின் ஒய் குரோமோசோம் அவருடைய தாயிடமிருந்து வந்திருக்க முடியுமா?

4. "மூன்றும் பெண், அடுத்தது கட்டாயம் ஆண்தான்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அறிவியல் சொற்கள் இல்லாமல், அவருக்குப் புரியும்படி ஐந்து வாக்கியங்களில் விளக்குக.

நான்காம் வினாவுக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். அதற்குச் சரியாக விடை எழுதும் மாணவர், மற்ற மூன்றையும் புரிந்துகொண்டவராகவே இருப்பார்.